கோப்பைக் கொண்டு வாருங்கள் என்று கேட்ட ஆணையம்

மகளிர் ஆணையம் என்றதும் நம் மனதில் வரும் காட்சி ஒன்றுதான். எங்கோ ஒரு சேரியில் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடக்கும். தொலைக்காட்சியில் இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் ஆணையத்திலிருந்து வருவார்கள். மருத்துவமனையில் பார்ப்பார்கள், ஆறுதல் சொல்வார்கள், காவல்துறையிடம் அறிக்கை கேட்டிருப்பதாகப் பேட்டி கொடுப்பார்கள். அந்த அறிக்கை வந்ததா, வந்தால் அதில் என்ன இருந்தது என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. களப்பணியில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. ஆனால் புதிதாக இயக்கத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்குப் பழகவில்லை. "அக்கா, இந்த ஆணையங்களால் உலகத்தில் எங்கேயாவது ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று நேராகவே கேட்கிறார்கள்.

நடந்திருக்கிறது. ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ நகரம். அந்த நகர நிர்வாகத்துக்கென்று தனியாக ஒரு மகளிர் ஆணையம் 1975-இல் அமைக்கப்பட்டது. தேசிய ஆணையம் இல்லை, மாநில ஆணையமும் இல்லை. நம் ஊரில் மாநகராட்சிக்கென்று ஓர் ஆணையம் இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. உறுப்பினர்கள் ஏழு பேர். மேயர் நியமிப்பார். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய அதிகாரம் எதுவும் இல்லாத அமைப்புதான்.

இந்தக் கதையை நான் சொல்ல விரும்புவதற்குக் காரணம், இதன் வேரில் கறுப்பினப் பெண்கள் இருக்கிறார்கள். பெண்ணிய வரலாறு என்று நமக்குக் கல்லூரியில் சொல்லித்தருவதில் பெட்டி ஃப்ரீடன் வருவார். பாலி முர்ரே வரமாட்டார். எம்.ஏ. சமூகவியல் படித்த இரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பெயர் என் காதில் விழவில்லை. அம்பேத்கரைப் படிக்காமலே சாதி பற்றிய தாளில் தேர்ச்சி பெற்றுவிடக்கூடிய நாட்டில் இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பாலி முர்ரே 1910-இல் பிறந்தவர். பேருந்தில் கறுப்பர்களுக்கென ஒதுக்கிய இருக்கையில் உட்கார மறுத்து 1940-இலேயே வர்ஜீனியாவில் கைதானவர். ரோசா பார்க்ஸ் கைதாவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. பிறகு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனார். அது கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம். அங்கே நிறவெறி இருக்காது என்ற நம்பிக்கையோடு போனவருக்கு வேறொன்று காத்திருந்தது. வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்களோ என்று முதல் நாளிலேயே ஒரு பேராசிரியர் கேலி செய்தார், ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் நிறவெறியால் அடிபட்டவர்கள்தான். 1944-இல் வகுப்பில் முதலாவதாக வந்து பட்டம் வாங்கினார் முர்ரே. மேற்படிப்புக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தார். பெண் என்பதால் சேர்க்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். கடைசியில் மேற்படிப்பு படித்தது சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்க்லியில்.

கறுப்பர்களை ஒதுக்கி வைக்கும் சட்டங்களுக்கு அமெரிக்காவில் 'ஜிம் குரோ' என்று பெயர். ஜிம் ஆணின் பெயர். ஹோவர்டில் பட்ட அனுபவத்திலிருந்து முர்ரே ஒரு புதிய பெயர் வைத்தார்: 'ஜேன் குரோ'. கறுப்பினப் பெண்ணின் மீது விழும் ஒதுக்கல் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது என்பதைச் சொல்ல அவருக்கு இந்த இரண்டு சொற்கள் போதுமாக இருந்தன. ஊர்த்தெருவிலும் அடி, சொந்த வீட்டிலும் அடி என்று நம் அம்மாக்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி ஆணையத்துக்கு வருவோம். 1961 டிசம்பரில் அதிபர் கென்னடி பெண்களின் நிலை குறித்த ஆணையம் ஒன்றை அமைத்தார். தலைவர் எலினார் ரூஸ்வெல்ட். இதை ஏதோ பெண்கள் மீது கொண்ட அக்கறை என்று நினைக்க வேண்டாம். ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்று அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டும் என ஒரு தரப்பு நெடுநாளாகக் கேட்டு வந்தது. தொழிலாளர் பெண்களுக்கு இருக்கும் பாதுகாப்புச் சட்டங்கள் இதனால் போய்விடும் என்று தொழிற்சங்கத் தரப்பு எதிர்த்தது. இரண்டு பக்கமும் கென்னடிக்கு ஓட்டு வேண்டும். அப்படியானால் ஆணையம் போடு. நம் அரசுகள் செய்வதும் இதுதான், எந்தப் பிரச்சினையைக் கிடப்பில் போட வேண்டுமோ அதற்கு ஓர் ஆணையம்.

அந்த ஆணையத்தில் நீக்ரோ பெண்கள் தேசிய சபையின் தலைவர் டோரதி ஹைட் உறுப்பினராக இருந்தார். குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய துணைக்குழுவில் பாலி முர்ரே இருந்தார். முர்ரே எழுதிக்கொடுத்த குறிப்பு சண்டையின் போக்கையே மாற்றியது. புதிதாகத் திருத்தம் வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அடிமை முறை ஒழிந்த பின் கறுப்பர்களுக்காகக் கொண்டுவந்த பதினான்காவது திருத்தம் எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்கிறதே, கறுப்பர்கள் வழக்குப் போட்டு வென்ற அதே வழியில் பெண்களும் நீதிமன்றம் போகலாம் என்றார். அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1971-இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் சொத்து நிர்வாக உரிமை வழக்குக்கு மனு எழுதியபோது, அந்த வாதம் யாருடையது என்பதைக் காட்ட முகப்பில் முர்ரேவின் பெயரையும் சேர்த்துப் போட்டார். பாலினப் பாகுபாட்டைச் சாசனத்துக்கு விரோதம் என்று அந்த நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது அந்த வழக்கில்தான்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, வேலைவாய்ப்பில் இனப் பாகுபாடு கூடாது என்ற பிரிவில் 'பாலினம்' என்ற சொல்லையும் ஒருவர் சேர்த்தார். சேர்த்தவர் சட்டத்தையே எதிர்த்த ஒரு நிறவெறி அரசியல்வாதி. செனட்டில் அந்தச் சொல்லை எடுத்துவிடுவார்கள் என்ற நிலை. முர்ரே ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். அந்தச் சொல் இல்லாவிட்டால் இந்தச் சட்டம் கறுப்பின மக்களில் பாதிப்பேருக்கு மட்டும்தான், ஏனென்றால் கறுப்பினப் பெண்ணை வேலைக்கு எடுக்காத முதலாளி 'கறுப்பி என்பதற்காக இல்லை, பெண் என்பதற்காகத்தான்' என்று தப்பித்துவிடுவார் என்பது அவருடைய வாதம். சொல் நின்றது.

கென்னடி ஆணையம் 1963 அக்டோபரில் அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்தது. ஆனால் அதன் பிறகு மாநிலம் மாநிலமாக மகளிர் ஆணையங்கள் முளைத்தன. 1967-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. இந்த மாநில ஆணையங்களின் மூன்றாவது தேசிய மாநாடு 1966 ஜூனில் வாஷிங்டனில் கூடியது. அங்கே நடந்ததை இளம் தோழர்கள் கவனிக்க வேண்டும். வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் பெண்களின் புகார்களைக் குப்பையில் போடுகிறது, செய்தித்தாள்களில் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று தனித்தனியாக விளம்பரம் வருவதைக்கூடத் தடுக்கவில்லை, இதைக் கண்டித்துத் தீர்மானம் போட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். இந்த மாநாட்டுக்குத் தீர்மானம் போடும் அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. அரசு கூப்பிட்டு வைத்த கூட்டத்தில் அரசைக் கண்டிக்க முடியாது, அவ்வளவுதான். மதிய உணவு மேசையிலேயே சிலர் ஒன்றுகூடிப் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் 'நவ்' எனப்படும் தேசிய மகளிர் அமைப்பு. முர்ரே நிறுவனர்களில் ஒருவர். ஆணையத்தில் உட்கார்ந்ததால் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பெண்கள், ஆணையத்தால் முடியாது என்று தெரிந்ததும் வெளியே போய் அமைப்பு கட்டினார்கள்.

அந்த வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்துக்குள்ளும் ஒரு பெண் இருந்தார். ஐலீன் ஹெர்னாண்டஸ். ஜமைக்காவிலிருந்து புரூக்ளினுக்கு வந்த குடும்பம். ஹோவர்டில் படித்தவர், ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தவர். ஐந்து ஆணையர்களில் ஒரே பெண். விமானப் பணிப்பெண்கள் கல்யாணம் செய்தாலோ குறிப்பிட்ட வயதைத் தாண்டினாலோ வேலையை விட்டு அனுப்பும் வழக்கம் அன்று இருந்தது. அதுபோன்ற புகார்கள் நகராமல் கிடப்பதைப் பார்த்துச் சலித்து 1966-இல் பதவியை விட்டுவிட்டார். 1970-இல் நவ் அமைப்பின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். ஆனால் 1979-இல் அந்த அமைப்பு தன் பொறுப்பாளர்கள் அனைவரையும் வெள்ளையராகவே தேர்ந்தெடுத்தபோது, கறுப்பினப் பெண்கள் இதில் இருக்க வேண்டுமா என்று வெளிப்படையாகவே கேட்டு வெளியேறினார். முர்ரேவோ அதற்கும் வெகு முன்பே ஒதுங்கிவிட்டார்.

ஹெர்னாண்டஸ் வாழ்ந்த ஊர் சான் பிரான்சிஸ்கோ. 1973-இல் அங்கே 'செயலுக்காகத் திரண்ட கறுப்பினப் பெண்கள்' என்ற பொருள்படும் அமைப்பைச் சில தோழிகளோடு தொடங்கினார். நகரத்தில் மகளிர் ஆணையம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. இது ஹெர்னாண்டஸ் ஒருவரின் சாதனை என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் கேட்பதற்கு ஆள் இருந்தது என்று சொல்கிறேன்.

யாரை நியமித்தார்கள்?

நியமனம் என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். கட்சிக்காரரின் மனைவி, ஓய்வு பெற்ற அதிகாரி, யாருக்கும் தொந்தரவு தராத கல்லூரி முதல்வர். சான் பிரான்சிஸ்கோவிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே டெல் மார்ட்டின் போன்ற ஒருவரும் உள்ளே வந்தார். 1955-இல், காவல்துறை விடுதிகளில் புகுந்து ஒருபால் ஈர்ப்புள்ளவர்களைக் கைது செய்துகொண்டிருந்த காலத்தில், தன் இணையர் ஃபிலிஸ் லயனோடும் வேறு சில பெண்களோடும் சேர்ந்து அமெரிக்காவின் முதல் தற்பாலீர்ப்புப் பெண்கள் சங்கத்தை நடத்தியவர். மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி அவரை மகளிர் ஆணையத்தில் நியமித்தார். 1976, 77-இல் அதன் தலைவராகவும் இருந்தார்.

அதே 1976-இல் மார்ட்டின் ஒரு புத்தகம் வெளியிட்டார். கணவனிடம் அடிவாங்கும் மனைவிகளைப் பற்றியது. புருஷன் பெண்டாட்டி சண்டை, உள்ளே போகாதே என்று காவலர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்த காலம் அது. இது குடும்பத் தகராறு இல்லை, குற்றம், இதில் காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது என்று அந்தப் புத்தகம் வாதாடியது. எழுதியவர் கல்யாணச் சந்தைக்கு வெளியே நின்ற ஒரு பெண் என்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. குடும்ப மானம் என்ற பயம் இல்லாதவருக்குத்தான் வீட்டுக் கதவைத் திறந்து பார்க்க வருகிறது.

ஆணையம் உண்மையிலேயே எதற்குப் பயன்படும் என்று தெரிந்தது 1990-இல். அந்த ஆண்டு ஜனவரியில், ஓர் இந்திய வம்சாவளிப் பெண்ணை அவளுடைய கணவன் சுட்டுக் கொன்றான். மகன் படிக்கும் பள்ளிக்கு வெளியே, ஆசிரியர்கள், குழந்தைகள் கண்ணெதிரே. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். அந்தப் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அவள் சும்மா இருந்துவிட்டுச் செத்தவள் இல்லை. ஓராண்டுக்கும் மேலாகக் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்திருக்கிறாள். கணவன் கைது செய்யப்பட்டிருக்கிறான், அருகில் போகக் கூடாது என்ற உத்தரவும் இருந்தது. ஒரு பெண் என்னென்ன செய்ய வேண்டும் என்று நாம் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறோமோ அத்தனையும் செய்தவள்.

நகர மகளிர் ஆணையம் இதில் என்ன செய்தது? இரங்கல் தெரிவித்துவிட்டு நிறுத்தவில்லை. அந்தப் பெண் கடைசிக் காலத்தில் எந்தெந்த அலுவலகத்தின் படியில் ஏறினாள், ஒவ்வோர் இடத்திலும் யார் என்ன எழுதினார், அந்தத் தாள் அடுத்த மேசைக்குப் போனதா இல்லையா என்று கோப்பு கோப்பாகக் கேட்டு வாங்கியது. காவல்துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், நன்னடத்தைத் துறை, நீதிமன்றம். ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்குத் தெரியவில்லை. அவரவர் வேலையை அவரவர் முறைப்படிச் செய்ததாகவே ஒவ்வொரு கோப்பும் சொன்னது, அவள் மட்டும் செத்துப்போனாள். 1991-இல் இந்த விசாரணை அறிக்கை வெளிவந்தது. குடும்ப வன்முறைச் சாவு ஒன்றை இப்படிப் பின்னோக்கி ஆராய்ந்த முதல் முயற்சி என்று அமெரிக்காவில் இதைச் சொல்கிறார்கள். இன்று அங்கே பல மாநிலங்களில் 'சாவு ஆய்வுக் குழு' என்று நிரந்தர அமைப்பாகவே இருக்கும் முறைக்கு இதுதான் தொடக்கம்.

இதைப் படிக்கும்போது எனக்குத் திருநெல்வேலி மாவட்டத் தாழையூத்துதான் நினைவில் ஓடியது. ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, அருந்ததியர் பெண், 2011 ஜூனில் வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். அதற்கு முன் பலமுறை புகார் கொடுத்திருந்தார். நன்றாக நிர்வாகம் செய்ததற்காக விருதும் வாங்கியிருந்தார். கொடுத்த ஒவ்வொரு புகாரும் எந்த மேசையில் நின்றது, யார் கையெழுத்துப் போட்டு மூடினார் என்று ஒரு அமைப்பு வரிசையாக எழுதி வெளியிட்டிருந்தால் அடுத்த ஊராட்சியின் தலித் பெண் தலைவருக்கு அது எவ்வளவு பெரிய கவசமாக இருந்திருக்கும்! வெட்டியவன் மீது வழக்கு நடப்பது வேறு, புகாரை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த அலுவலகத்தை விசாரிப்பது வேறு. நாம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

சான் பிரான்சிஸ்கோவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு பெண், தன் இரண்டு குழந்தைகளின் முன்னால், முன்னாள் காதலனால் கொல்லப்பட்டாள். அவனும் ஏற்கெனவே கைதானவன், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த பரிந்துரைகள் என்ன ஆயின என்று ஆணையம் மறுபடியும் கோப்புகளைத் திறந்தது. 2002-இல் வெளியான இரண்டாவது அறிக்கை முதலாவதைவிடக் கடுமையானது. இந்த முறை அறிக்கையோடு விடாமல், பரிந்துரைகளை நிறைவேற்றுகிறார்களா என்று பார்க்க ஒரு மேற்பார்வைக் குழுவையும் வைத்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்தக் குழு அதே துறைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டது. 2010-க்கும் 2014-க்கும் இடையில் 44 மாதங்கள் அந்த நகரத்தில் குடும்ப வன்முறைக் கொலை ஒன்றுகூட நடக்கவில்லை. பெருமை முழுவதையும் ஆணையத்துக்கே கொடுக்க முடியாது. காப்பகங்கள் நடத்திய பெண்கள், இரவெல்லாம் தொலைபேசி எடுத்தவர்கள், வெவ்வேறு மொழி பேசும் புலம்பெயர்ந்த பெண்களோடு காவல் நிலையம் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து சாதித்தது. ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதை அதிகாரிகளின் மேசையில் வைக்க ஓர் இடம் இருந்தது.

தெருவிளக்கை யார் எங்கே வைப்பது?

1994-இல் நகர மக்கள் வாக்களித்து, மகளிர் ஆணையத்துக்குக் கீழ் ஒரு நிரந்தரத் துறையை நகரத்தின் சாசனத்திலேயே எழுதினார்கள். இது முக்கியம். மேயர் மாறினால் எளிதில் கலைத்துவிட முடியாதபடி, சம்பளம் வாங்கும் ஊழியர்களோடு அன்று அமைந்த துறை அது. அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில் ஐ.நா.வின் உலக மகளிர் மாநாடு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் பெண்கள் போனார்கள். அதே ஆண்டில்தான் இங்கே தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது, சென்னையில் பிறந்த ரூத் மனோரமாவும் தோழிகளும் தலித் பெண்களின் குரலைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். ஒரே ஊரில், ஒரே வாரங்களில் இரண்டு கூட்டமும் இருந்திருக்கின்றன.

போனவர்கள் திரும்பி வந்து ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை, சுருக்கமாக 'சீடா', 1979-இல் வந்தது. அமெரிக்கா 1980-இல் கையெழுத்திட்டது. இன்று வரை அதன் செனட் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. நாடு ஏற்காவிட்டால் என்ன, எங்கள் நகரம் ஏற்றுக்கொள்ளட்டும் என்று இந்தப் பெண்கள் கேட்டார்கள். இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கிருஷாந்தி தர்மராஜ். இலங்கையிலிருந்து போனவர். மனித உரிமைகளுக்கான பெண்கள் தலைமைப் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தோழிகளோடு நடத்தி வந்தார். அந்த நிறுவனமும் அம்னெஸ்டியும் நகர மகளிர் ஆணையமும் கைகோத்தன. 1997 அக்டோபரில் பொது விசாரணை நடத்திப் பெண்களை நேரில் பேச வைத்தார்கள். 1998 ஏப்ரலில் நகர மாமன்றம் சட்டத்தை நிறைவேற்ற, மேயர் வில்லி பிரவுன் கையெழுத்திட்டார். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். சீடாவைச் சட்டமாக்கிய முதல் அமெரிக்க நகரம் சான் பிரான்சிஸ்கோ.

சட்டம் என்ன சொன்னது? பெண்களைப் போற்றுவோம் என்று சொல்லவில்லை. நகரத்தின் துறைகள் தங்கள் வரவு செலவு, சேவை, பணியாளர் நியமனம் ஆகியவற்றைப் பெண்களின் பக்கமிருந்து ஆராய்ந்து கணக்குக் காட்ட வேண்டும் என்றது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகளைப் பாருங்கள். பொதுப்பணித் துறை, சிறார் நன்னடத்தைத் துறை. மகளிர் நலத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தத் துறைக்காரர்களும் கேட்டார்கள். தார் ஊற்றுவதில் ஆண் பெண் இருக்கிறதா?

இருக்கிறது. தெருவிளக்கை எந்த இடத்தில் வைப்பது என்பதைப் போக்குவரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தார்கள். இரவு வேலை முடித்து நடந்து வரும் பெண் எந்த இருட்டைக் கடந்து வருகிறாள் என்று பார்க்கவில்லை. நடைபாதையின் ஓரத்தைச் சரிவாக வெட்டுவது சக்கர நாற்காலிக்கு மட்டுமல்ல, குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் தாய்க்கும்தான். துறையில் நல்ல சம்பளம் தரும் தொழில்நுட்ப வேலைகளில் பெண்கள் எவ்வளவு குறைவு என்பதும் கணக்கெடுத்தபோதுதான் துறைக்கே தெரிந்தது. சிறார் துறையில் திட்டங்கள் எல்லாம் பையன்களை மனதில் வைத்துப் போட்டவை, பிடிபட்டு வரும் பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. இவை எதுவும் ரகசியம் இல்லை. யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எண்ணத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. எந்தப் பெண்? அந்தத் துறையில் இருக்கும் சில பெண்களில் கறுப்பினப் பெண் எத்தனை, லத்தீன் அமெரிக்கப் பெண் எத்தனை, சீனப் பெண் எத்தனை? காவலில் இருக்கும் பெண் பிள்ளைகளின் நிறம் என்ன? 2000-இல் சட்டத்தைத் திருத்திப் பாலினத்தோடு இனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். முர்ரே 'ஜேன் குரோ' என்று பெயர் வைத்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அது ஒரு நகராட்சியின் படிவத்தில் ஒரு பத்தியாக ஏறியது.

இந்தியா சீடாவை 1993-இலேயே ஏற்று உறுதிசெய்த நாடு. தேசிய மகளிர் ஆணையச் சட்டம் 1990-இல் வந்தது, ஆணையம் 1992 ஜனவரியில் அமைந்தது. அந்தச் சட்டத்தில் பட்டியல் சாதியிலிருந்து ஓர் உறுப்பினரும் பழங்குடியிலிருந்து ஓர் உறுப்பினரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் முர்ரேக்களும் ஹைட்களும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, நமக்கு இடம் சட்டத்திலேயே இருக்கிறது. அது சாதாரண வெற்றி இல்லை. ஆனால் இடம் கிடைத்த பிறகு என்ன கேட்பது? மகளிர் ஆணையத்துக்குப் போனால் இது சாதிப் பிரச்சினை, எஸ்.சி. ஆணையத்துக்குப் போங்கள் என்கிறார்கள். அங்கே போனால் இது பெண் விவகாரம் என்கிறார்கள். 2007-இல் சீடா குழுவே தலித் பெண்கள் மீதான வன்முறையையும் மலம் அள்ளும் இழிவையும் குறித்து இந்திய அரசிடம் கவலை தெரிவித்தது. நியூயார்க்கில் கேட்ட கேள்வி நம் மாவட்டத் தலைநகர் வரை வந்து சேரவில்லை.

ஒரு கிளைக்கதை. சான் பிரான்சிஸ்கோவுக்குச் சற்றுத் தெற்கே, கணினி நிறுவனங்கள் நிறைந்த சாண்டா கிளாரா மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் மனித உரிமை ஆணையம் 2021 ஏப்ரலில் சாதிப் பாகுபாட்டைப் பற்றி ஒரு பொது விசாரணை நடத்தியது. பல மணி நேரம், வரிசையாக ஆட்கள் பேசினார்கள். இங்கே சாதியே இல்லை என்று பேசிய நம்மவர்கள் ஏராளம். தாங்கள் பட்டதைச் சொன்ன தலித்துகளும் பேசினார்கள். உள்ளூர் ஆணையம் ஒன்றின் மைக் முன்னால் பேசிய பேச்சு அரசின் பதிவேட்டில் ஏறிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், சியாட்டில் நகர மாமன்றம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அதற்காக வாதாடியவர்களில் தேன்மொழி சௌந்தரராஜன் போன்ற தமிழ்த் தலித் பெண்களும் இருந்தார்கள்.

நம்மிடம் மாநகராட்சிக்கு ஒரு மகளிர் ஆணையம் இல்லை. ஆனால் ஏறக்குறைய அதேபோன்ற கருவி ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது, நம்மில் பாதிப்பேர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 17-ஆம் விதி. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அரசு சாராத பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் அதில் உண்டு. சட்டம் எப்படிச் செயல்படுகிறது, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் போனதா, வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று துறைகளைக் கேட்பதே அந்தக் குழுவின் வேலை. அதாவது கோப்பைக் கேட்கும் உரிமை.

இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் மாவட்டத்தில் இதை விசாரிக்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் குழு எத்தனை முறை கூடியது, எந்தெந்தத் தேதியில்? அரசு சாராத உறுப்பினர்கள் யார் யார், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடுத்த புகார்கள் எத்தனை குழுவின் முன் வந்தன, அவற்றில் பெண் தலைவர்கள் கொடுத்தவை எத்தனை? கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் வேண்டும். இந்த நான்கு கேள்விகளையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.